கண் மூடாத ஒரு போட்டோவுக்காகப் பாரீஸ்

1

நெடுங்காட்டில் என் அக்கா வீட்டு ஹாலில் போன வாரம் இரண்டாவது ஆணி அடித்தார்கள். ஆணி அடித்ததை எல்லாமா எழுதுவார்கள் என்று கேட்காதீர்கள். முதல் ஆணிக்கும் இரண்டாவது ஆணிக்கும் நடுவே முப்பது வருடமும், இரண்டு விசாவும், ஒரு தீயணைப்பானும் இருக்கின்றன.

முதல் ஆணியில் தொங்குவது அக்காவின் கல்யாண போட்டோ. கல்யாணம் முடிந்த மறுவாரம் காரைக்கால் பாரதியார் சாலையில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அந்தக் கடையில் பின்னால் தொங்கவிட மூன்று திரைகள் வைத்திருந்தார்கள். தாஜ்மகால் ஒன்று, அருவி ஒன்று, ஈஃபிள் கோபுரம் ஒன்று. மற்ற ஊர்களில் புதுமணத் தம்பதிகள் தாஜ்மகாலைக் கேட்பார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பிரான்ஸில் ஒரு சித்தப்பாவாவது இருப்பார் என்பதால் கோபுரத்துக்குத்தான் கிராக்கி. அக்காவும் கோபுரத்தைக் கேட்டாள்.

படத்தில் அத்தான் கலியபெருமாள் கண்ணை மூடியிருக்கிறார். இமைக்கும்போது தவறிப்போய் எடுத்த படம் என்று நினைக்க வேண்டாம். நன்றாக, நிம்மதியாக, சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்தவர் போல மூடியிருக்கிறார். பக்கத்தில் வளர்மதி அக்கா கழுத்தை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பார்ப்பதுபோல நிற்கிறாள். அந்தக் காலத்தில் படத்தைக் கழுவி வாங்கிய பிறகுதான் லட்சணம் தெரியும். திரும்ப எடுக்கலாம் என்று அக்கா கேட்டதற்கு, மறுபடி பட்டுப்புடவை கட்டிப் பூ வைத்து மாலை வாங்க வேண்டுமா என்று வீட்டில் சிரித்துவிட்டார்கள். படம் சட்டம் போடப்பட்டு ஹாலுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த எவரும் அதைப் பார்க்காமல் காபி குடித்ததில்லை. கல்யாணத்தன்றே தூங்கிட்டாரா, பொண்ணைப் பார்க்கப் பயந்துட்டாரா என்று ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அவளுக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை என்னிடம் மட்டும், "பக்கத்துல நிக்கிறப்ப ஒரு தடவை கண்ணைத் தொறந்து நின்னிருக்கலாம்ல" என்றாள்.

அத்தான் மேல் குற்றம் இல்லை. அவருக்கு எதிரே நின்று ஒருவர் எதையாவது தூக்கிக் காட்டினால் கண் தானாக மூடிக்கொள்ளும். கோயிலில் தீபாராதனை காட்டும்போதும் அப்படித்தான். திருநள்ளாற்றுக்கு வருடா வருடம் போகிறவர்தான், ஆனால் கற்பூர வெளிச்சத்தில் சாமி எப்படி இருக்கும் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது போட்டோ கடைக்காரர் படாத பாடு பட்டுக் கடைசியில், "ஐயா, ஒங்க வயல்ல மாடு எறங்கிட்டுது" என்று கத்தி, அந்த ஒரு நொடியில் பிடித்தார். அந்தப் பாஸ்போர்ட்டில் அத்தானைப் பார்த்தால் நாடு கடத்தத் தோன்றும்.

2

நான் பிரான்ஸுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாரீஸிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. போன முறை ஊருக்கு வந்தபோது காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஒரு மாட்டின் மேல் இடித்துவிட்டு அதனிடம் "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டேன். அக்கா அதை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்த வருடம் அறுவடை முடிந்த கையோடு அக்காவும் அத்தானும் வருவதாக முடிவானது. இங்கே ஒரு விருந்தாளி வர வேண்டுமென்றால் முதலில் நகரசபையில் போய் அவர் எந்த அறையில் படுப்பார், அந்த அறை எத்தனை சதுர மீட்டர் என்று காட்டிச் சான்று வாங்க வேண்டும். போனில் இதை அத்தானிடம் சொன்னேன்.

"மாட்டுக் கொட்டாய்க்கே நாங்க அளந்ததில்லையே மாப்ள" என்றார்.

சென்னையில் விசா விண்ணப்பத்தைக் கொடுத்த இடத்தில், எதற்காகப் போகிறீர்கள் என்று அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். "ஒரு போட்டோ எடுக்கணும்" என்றிருக்கிறாள். சுற்றுலாவா என்று அந்தப் பெண் கேட்க, "சுத்திப்பார்க்கல்லாம் இல்லம்மா, ஒரே ஒரு போட்டோ. இவரு கண்ணைத் தொறந்து, பின்னாடி டவர் தெரியணும். எடுத்தொடன வந்துடுவோம்" என்று விளக்கியிருக்கிறாள். இத்தனை தெளிவான காரணத்தை அந்த அலுவலகம் அதுவரை கேட்டிருக்காது. விசா வந்துவிட்டது.

வந்து இறங்கியதும் அடுத்த சிக்கல். பாரீஸில் ஓட்டலில் தங்க அக்கா சம்மதிக்கவில்லை. யார் யாரோ படுத்த மெத்தை, அடுப்பு கிடையாது, ரசம் வைக்க முடியாது. என்னோடு வேலை பார்க்கும் ழெரார் ஒரு கேம்பிங்-கார் வைத்திருக்கிறார். வேன் மாதிரி இருக்கும், உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கழிப்பறை, குளிக்கும் இடம் எல்லாம் அடக்கம். ஒரு வாரத்துக்குத் தருகிறேன் என்றார். அவர் சொன்ன நிபந்தனை ஒன்றுதான். உள்ளே புகை மணி இருக்கிறது, ரொட்டி கருகினாலே ஊரைக் கூட்டும், பார்த்துச் சமையுங்கள் என்றார்.

வண்டியை எடுக்கப் போன அன்று அக்கா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். முகப்புக் கண்ணாடிக்குச் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் கிடைக்காததால் ஒரு தர்பூசணியைச் சுற்றி உடைத்தாள். ழெராரும் அவர் மனைவியும் வாசலில் கை கட்டி மரியாதையாக நின்று பார்த்தார்கள். அவர்களுடைய நாய் தர்பூசணியைத் தின்றது. அதோடு முடிந்திருக்க வேண்டியது, அக்கா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"தம்பி, இதுல அடுப்பு இருக்கேடா."

"அதுக்குத்தானக்கா எடுத்தோம்."

"அடுப்பு இருக்கு, கட்டில் இருக்கு, கக்கூஸ் இருக்கு. அப்ப இது வீடு. பால் காய்ச்சாம எப்புடிக் குடி போறது?"

அத்தான் குறுக்கே வந்தார். "நாலு சக்கரம் இருக்கு, நம்பர் பிளேட் இருக்கு, இது வண்டி. ஒரு வீட்டுக்கு எவனாவது டீசல் போடுவானா?"

இந்த வாதம் நீண்டுகொண்டே போனது. என் மகள் இனியா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பதினாறு வயது. இரண்டு வருடமாக நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள், அதுவும் ஒற்றைச் சொல்லில். என் மனைவி செல்விக்கு முதியோர் இல்லத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அதனால் இவளையாவது கட்டாயமாக ஏற்றி அனுப்பியிருந்தாள். நேரமாகிறது என்று நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். பால் காய்ச்சவில்லை. அக்கா அதை மறக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

3

பாரீஸின் வெற்றி வளைவைச் சுற்றி ஒரு பெரிய ரவுண்டானா இருக்கிறது. பன்னிரண்டு சாலைகள் அதில் வந்து விழுகின்றன. கோடு கிடையாது, யாருக்கும் இரக்கமும் கிடையாது. அந்த யானை அளவு வண்டியை வைத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்துவிட்டேன், வெளியே வர முடியவில்லை. முதல் சுற்றில் அத்தான் வளைவைப் பார்த்து, "நல்ல கட்டடம்" என்றார். இரண்டாவது சுற்றில், "இதையும் இப்பத்தான பார்த்தோம்" என்றார். மூன்றாவது சுற்றில் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மூணு சுத்து ஆச்சு, போதும்டா."

நான் வேர்த்து விறுவிறுத்து நான்காவதைத் தொடங்கினேன்.

"தெரிஞ்சுதான் சுத்துறியா? மூணைத் தாண்டிட்டா இனிமே ஒம்போதா முடிச்சுரு. பாதியில விடக்கூடாது."

ஏழாவதில் ஒரு பேருந்துக்காரர் பாவம் பார்த்து வழி விட்டார். அக்காவுக்குத்தான் குறை. ஒன்பது முடியாமல் வெளியே வந்ததை அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

நகரத்துக்குள் இந்த மாதிரி வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். ஓரமாக இருக்கும் வண்டி முகாமில் விட்டுவிட்டு மெட்ரோ ரயிலில்தான் போக வேண்டும். முகாமுக்குப் பெரிய மீசை வைத்த ஒரு பொறுப்பாளர். எல்லா வண்டியும் பாதையைப் பார்த்து முகத்தைக் காட்டி நிற்க வேண்டும் என்பது விதி. நானும் நிறுத்தினேன். அக்கா இறங்கி வானத்தைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"தலை வடக்கால்ல வருது. வடக்க தலைவச்சு எப்புடிப் படுக்குறது?"

தலையணையை மறுபக்கம் போடலாமே என்றேன். அப்படிப் போட்டால் கால் நேராக அடுப்புக்கு நீளும், அடுப்பைப் பார்த்துக் கால் நீட்டலாமா என்றாள். வண்டியைத்தான் திருப்ப வேண்டும். பொறுப்பாளர் ஓடி வந்து கூடாது என்று தலையாட்டினார். நான் என் சலவைக்கூடப் பிரெஞ்சில் என்ன விளக்குவது? எனக்கு அந்த மொழியில் போர்வை எண்ணத் தெரியும், எமனைப் பற்றிப் பேசத் தெரியாது.

இனியா ஹெட்போனைக் கழற்றினாள். பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கினாள். அவரிடம் ஏதோ சரளமாகப் பேசினாள். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லித் தப்பிப்பாள் என்று நினைத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னாள், எங்கள் ஊரில் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது செத்தவரைத்தான் என்று. மீசைக்காரர் யோசித்தார். தன் அம்மாவும் வாசலுக்கு நேரே கால் நீட்டிப் படுக்க விடமாட்டார், பிணத்தைத்தான் அப்படி எடுத்துப்போவார்கள் என்பார் என்று சொல்லிவிட்டு, கையைக் காட்டி வண்டியைத் திருப்பவும் உதவினார். அந்த வரிசையிலேயே எங்கள் வண்டி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் சன்னலுக்கு எதிரே முகாமின் கழிப்பறைச் சுவர் வந்தது.

4

மறுநாளே கோபுரத்துக்குப் போயிருக்கலாம். மழை. படம் நன்றாக வராது என்று அக்கா தள்ளிப்போட்டாள். அதனால் அருங்காட்சியகத்துக்குப் போனோம்.

அக்கா புடவைக்கு மேல் செல்வியின் கோட், காலுறைக்கு மேல் செருப்பு. அத்தான் வேட்டிக்குள் பேண்ட், தலையில் குரங்குக் குல்லா. இனியா பத்தடி தள்ளியே நடந்தாள். யாராவது வகுப்புத் தோழி வந்துவிடுவாளோ என்று தூணுக்குத் தூண் ஒதுங்கினாள்.

உலகமே வரிசையில் நின்று பார்க்கிற அந்தப் பெண் படம் இருக்கும் கூடத்தில் சரியான நெரிசல். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது எம்மாத்திரம்? அக்கா முழங்கையைப் பக்குவமாக வைத்து, யாரையும் இடிக்காமல், எல்லாரையும் கடந்து முன்னால் போய்விட்டாள். போனவள் படத்துக்கு நேரே நிற்கவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தாள். எங்களையும் ஓரமாக இழுத்தாள்.

"நேருக்கு நேரா நிக்காதீங்க. யாரு எப்புடின்னு தெரியாது."

திருநள்ளாற்றில் சனி பகவான் பார்வை நேரே விழாமல் ஒதுங்கி நிற்பது வழக்கம். அதை அந்த அம்மாளுக்கும் அக்கா பொருத்திவிட்டாள். பக்கத்திலிருந்த ஒரு வயதான தம்பதி, எங்களுக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைத்து அவர்களும் ஓரத்துக்கு வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் வந்தார்கள். அன்று இனியா முதல் தடவையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்த கூடத்தில்தான் வினை. எகிப்து நாட்டுப் பழைய பொருட்கள் என்று நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் துணி சுற்றிய ஒரு நீள உருவம். சிலை என்று நினைத்து அக்கா நன்றாகக் குனிந்து பார்த்தாள். இது நிஜ மனிதர், செத்துப் பதப்படுத்தியது என்று இனியா சொன்னாள்.

அக்கா நிமிர்ந்தாள். "வாங்க, போயிக் குளிக்கணும்."

"அத்தை, இவர் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு" என்றாள் இனியா.

"எத்தனை வருஷம் ஆனா என்ன, பொணம் பொணந்தான்."

அத்தான் சமாதானம் செய்து பார்த்தார். "நமக்கு என்ன, பங்காளியா? எடுத்து வச்சவன் குளிச்சிருப்பான், வளர்."

"பார்த்துட்டு வீட்டுக்குள்ள நொழையக் கூடாது. அந்த வண்டி வீடுதான்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

மெட்ரோவில் யார் மேலும் படாமல் ஒடுங்கி நின்று திரும்பினோம். வண்டியில் வரிசையாக எல்லாரும் தலைக்குக் குளித்தோம். வண்டித் தொட்டியில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். அத்தான் தலையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது தீர்ந்துவிட்டது. இனியா குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரைக் கதவிடுக்கு வழியாக ஒவ்வொன்றாக நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டே அத்தான் வாங்கிக்கொண்டார். இந்தத் தீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டா என்று இனியா என்னிடம் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

5

கடைசி நாளுக்கு முந்தின நாள் நல்ல வெயில். அக்கா அரக்குப் பட்டுப்புடவை கட்டினாள். பூவுக்கு எங்கே போவது, பையில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்த துணிப்பூவை வைத்துக்கொண்டாள். அந்தக் கல்யாண போட்டோவில் கட்டியிருக்கும் அதே புடவை அது. யாருக்கும் சொல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இது நடக்காவிட்டால் அக்கா அந்த ஹாலுக்கு எப்படித் திரும்பிப் போவாள் என்று தோன்றியது.

வழியில் செய்ன் ஆற்றுப் பாலத்தில் அத்தான் நின்றுவிட்டார். கரை வரை தண்ணீர்.

"இதை எங்க தொறந்து விடுறாங்க மாப்ள?"

"தொறந்து விடுறதில்ல அத்தான், தானா வருது."

"தானாவா? யாருகிட்டயும் கேக்க வேண்டாமா?" மேட்டூரில் திறந்து, கல்லணை வந்து, எல்லாரும் பாய்ச்சிய பிறகு மிஞ்சினால்தான் எங்கள் வயல். "கடைமடைக்காரனுக்கும் வருமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை அகலத் திறந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியா போனை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் ஓடினாள். போன் மேலே ஏறியது. அத்தானின் இமை கீழே இறங்கியது.

கோபுரத்தின் அடியில் என்ன செய்யவில்லை என்று கேளுங்கள். எண்ணி எடுத்தோம், எண்ணாமல் எடுத்தோம். உட்கார வைத்து எடுத்தோம். வானத்தைப் பார்க்கச் சொல்லி எடுத்தோம், வானத்தைப் பார்த்தபடி மூடினார். இனியா மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எடுத்தாள், அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கறுப்புக் கண்ணாடி விற்கிறவரிடம் ஒன்று வாங்கி மாட்டினோம். அக்கா கழற்றச் சொல்லிவிட்டாள்.

"உள்ள மூடியிருக்காரா தொறந்திருக்காரான்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே."

கடைசியாக அக்கா அந்தப் பாஸ்போர்ட் கடைக்காரரின் வித்தையைக் கையில் எடுத்தாள். சுற்றுலாப் பயணிகள் சூழ நின்ற இடத்தில், "என்னங்க, மாடு வயல்ல எறங்கிட்டுது" என்று ஓங்கிக் கத்தினாள்.

"இங்க ஏது வயல்?" என்றார் அத்தான், கண்ணை மூடியபடி.

இனியா போனில் ஏதோ செய்து, மூடிய கண்ணைத் திறந்த கண்ணாக மாற்றிக் காட்டினாள். அய்யனார் கோயில் குதிரைக்காரன் கண் போலப் பளபளவென்று வந்திருந்தது. அக்கா வெகு நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு பாப்பா. ஆனா இது உங்க மாமா கண்ணு இல்ல."

முகாம் வாசலுக்குத் திரும்பி வந்ததும் அத்தான் என்னைத் தனியாக இழுத்து, "எனக்கு மட்டும் ஆசை இல்லையா மாப்ள? நான் என்ன வேணும்னா மூடுறேன்?" என்றார். நாளைக் காலையில் மறுபடி போய் எடுத்துவிட்டு அப்படியே விமான நிலையம் போகலாம் என்று அவருக்குச் சொன்னேன்.

6

கடைசிக் காலையில் அக்கா எல்லாரையும் எழுப்பினாள். இத்தனை தடங்கலுக்கும் காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. பால் காய்ச்சாமல் குடிபோனதுதான். மழை வந்தது, பிணம் குறுக்கே வந்தது, ஒன்பது சுற்று முடியவில்லை, படம் சரியாக வரவில்லை. இப்போது காய்ச்சிவிட்டுப் போனால் கோபுரத்தில் கண் திறக்கும் என்று தீர்மானமாகச் சொன்னாள். வண்டியைத் திருப்பித் தரும் நாளில் குடிபோகிறோமா என்று நான் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பாத்திரத்துக்குப் பொட்டு வைத்தாள். பால் கிழக்கே பொங்கி வழிய வேண்டும் என்பதால் அடுப்பில் பாத்திரத்தைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். புருசன் பெண்டாட்டி இருவரும் நிற்க வேண்டும் என்று அத்தானைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். செல்விக்குக் காட்ட வேண்டும், பால் பொங்குவதை எடு என்று இனியாவிடம் சொன்னாள். இனியா கட்டில் மேல் ஏறி நின்று போனை நீட்டினாள்.

பால் ஏறியது. சாமி காரியம் என்பதால் அத்தான் கைகூப்பினார், கண்ணை மூடினார். பால் விளிம்புக்கு வந்தது, வழிந்தது, தீயில் கொட்டிக் கருகிப் புகைந்தது.

ழெரார் சொன்ன புகை மணி அத்தானின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அது கத்தியதே ஒரு கத்தல், பக்கத்து வண்டிகளில் நாய்கள் எல்லாம் குரைத்தன. நான் அடுப்பை அணைக்கப் போய் சர்க்கரை டப்பாவைத் தட்டிவிட்டேன். அக்கா, "பொங்கிட்டுது, பொங்கிட்டுது" என்று மணியையும் சேர்த்து வாழ்த்தாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். கதவைத் திறந்தால் மீசைக்காரர் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நிற்கிறார்.

அக்கா பதறவில்லை. மிச்சமிருந்த பாலில் சர்க்கரை போட்டு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"வாங்க, மொத ஆளா வந்துட்டீங்க. குடிங்க."

அவர் தீயணைப்பானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு டம்ளரும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அடுப்பைப் பார்த்தோம். பால் உள்ளே இறங்கித் துளைகளில் எல்லாம் ஒட்டிக் கருகியிருந்தது. ழெராரிடம் அப்படியே தர முடியாது, ஆறி இறுகிவிட்டால் பிறகு வரவே வராது. நானும் அத்தானும் ஊசி வைத்துக் குத்தி, தேய்த்து, துடைத்து முடித்தபோது உச்சிவேளை ஆகிவிட்டது. விமானத்துக்குத்தான் நேரம் இருந்தது. கோபுரத்துக்கு இல்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் பட்டுப்புடவையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"போவட்டும்டா. பாலாவது நல்லாப் பொங்கிச்சே" என்றாள். துணிப்பூவைத் தலையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தான் ஏற்கனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தார்.

"அத்தை, இங்க பாருங்க" என்றாள் இனியா.

போனை அக்காவிடம் நீட்டினாள். செல்விக்காக எடுத்ததைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டிருக்கிறது. மணி கத்திய அந்த நொடி. கீழே பால் நுரைத்து வழிகிறது. கூப்பிய கை அப்படியே இருக்க, அத்தான் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் இருக்கும் பயம் இதில் இல்லை. சத்தம் கேட்டதும் அக்கா பக்கம்தான் திரும்பியிருக்கிறார், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் சன்னலில் கழிப்பறைச் சுவரும், அக்கா காயப்போட்டிருந்த துண்டும் தெரிகின்றன.

அக்கா போனைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். அத்தான் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கேன்" என்றார்.

"இருக்கீங்க, இருக்கீங்க" என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றாள். புகை போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

7

படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு ஊருக்கு அனுப்பியது இனியாதான். நான் சொல்லவில்லை. இப்போது அத்தையோடு அவளே வீடியோவில் பேசிக்கொள்கிறாள். எனக்குப் பழையபடி ஒற்றைச் சொல்தான் கிடைக்கிறது, அது வேறு விஷயம்.

ஆணி அடித்த அன்று அவளுடைய போனில் நானும் எட்டிப் பார்த்தேன். பழைய படத்தை ஒட்டி அதே உயரத்தில் புதியதை மாட்டியிருந்தார்கள். அத்தான் சுத்தியலோடு ஓரமாக நின்றார். பக்கத்து வீட்டு மாரியம்மாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு புதுப் படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அவ்வளவு தூரம் போயிட்டு, எங்கடி டவரு? பின்னாடி கக்கூஸ் செவருல்ல தெரியுது?"

அக்கா பழைய படத்தை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள்.

"டவருதான் இதுல இருக்குல்ல" என்றாள். பிறகு புதுப் படத்தைக் காட்டினாள். "இவரு அதுல இருக்காரு."